வக்கீல் காதில் விழுந்தது யாருக்குச் சொந்தம்? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு வாசகர், "கொலைகாரனுக்கெல்லாம் வக்கீல் எதற்கு?" என்று கேட்டிருந்தார். நாலு வரியில் பதில் சொல்லிவிட்டு, போகிற போக்கில், "கட்சிக்காரர் தன்னிடம் சொன்னதை வக்கீல் வெளியே சொல்ல முடியாது, ஜட்ஜே கேட்டாலும் முடியாது" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதம். பாதிப் பேர் கோபமாக எழுதியிருக்கிறார்கள், மீதிப் பேர் நம்ப முடியாமல் எழுதியிருக்கிறார்கள். சரி, இந்த வாரம் பட்டா, ஜீவனாம்சம், செக் பவுன்ஸ் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு இதை மட்டும் பேசுவோம்.

திண்டுக்கல் வாசகர்: கோர்ட் என்பது உண்மையைக் கண்டுபிடிக்கிற இடம்தானே? உண்மை தெரிந்த ஒரே ஆளான வக்கீலின் வாயைச் சட்டமே பூட்டி வைத்தால், அப்புறம் எதற்கு சாட்சி, எதற்கு விசாரணை?

நியாயமான கோபம். இதே கேள்வியை 200 வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் ஜெரமி பெந்தாம் என்ற சட்டச் சிந்தனையாளர் கேட்டிருக்கிறார். தப்பு செய்யாதவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது, இந்தப் பூட்டினால் லாபம் அடைகிறவன் குற்றவாளி மட்டும்தானே, எடுத்து எறியுங்கள் என்பது அவர் கட்சி. படிக்கும்போது தலையாட்டத்தான் தோன்றும்.

ஆனால் யோசித்துப் பாருங்கள், வக்கீல் "உண்மை தெரிந்த ஒரே ஆள்" ஆனது எப்படி? பூட்டு இருக்கிறது என்ற தைரியத்தில்தான் கட்சிக்காரன் அவரிடம் வாயைத் திறந்தான். நாளைக்கு வக்கீலைக் கூண்டில் ஏற்றிக் கேட்கலாம் என்று சட்டம் வந்தால், நாளன்றைக்கு எவனும் வக்கீலிடம் எதையும் சொல்ல மாட்டான். போலீசுக்குக் கூடுதலாக ஒரு துளி உண்மையும் கிடைக்காது, வக்கீலுக்குக் கிடைத்துக்கொண்டிருந்ததும் நின்றுபோகும்.

அப்புறம், தப்பு செய்யாதவனுக்கு மறைக்க ஒன்றும் இல்லை என்பது கோர்ட் வாசலில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்காதவர்கள் சொல்கிற பேச்சு. வரப்புத் தகராறு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு வருகிறான், இவன் பயத்தில் கையில் கிடைத்த கட்டையால் ஒரு அடி போடுகிறான், வந்தவன் விழுந்து செத்துப்போகிறான். இது தற்காப்பு. அளவு மீறவில்லை என்றால் சட்டப்படி குற்றமே இல்லை. ஆனால் கிராமத்து ஆளுக்கு இதெல்லாம் தெரியுமா? அடித்ததுதான் தன்னைத் தூக்கில் போடப்போகிற விஷயம் என்று நினைத்துக்கொண்டு, "நான் அந்தப் பக்கமே போகலை, மாமியார் வீட்டில் இருந்தேன்" என்று எல்லோரிடமும் சாதிப்பான். போலீஸ் இரண்டு சாட்சியை வைத்து அந்த மாமியார் வீட்டுக் கதையை உடைத்ததும், பொய் சொன்னவன் என்ற பெயர்தான் மிஞ்சும், தற்காப்பு என்ற ஒரே வழியும் அடைபட்டுப் போகும். அவனைத் தனியாக உட்கார வைத்து, கதவைச் சாத்தி, "இது இந்த ரூமை விட்டுப் போகாது, நடந்ததைச் சொல்லுங்க" என்று ஒருவர் கேட்டால்தான் அந்த மண்வெட்டி வெளியே வரும். தன்னிடம் இருக்கும் உண்மைகளில் எது தன்னைக் காப்பாற்றும், எது கெடுக்கும் என்று கட்சிக்காரருக்குத் தெரியாது. இந்த ஏற்பாட்டின் உயிர்நாடியே அங்கேதான் இருக்கிறது.

இதில் எங்கள் வக்கீல்கள் பக்கமும் ஒரு குறை உண்டு. நான் ஜூனியராகச் சேர்ந்த ஆபீசில் சீனியர் ஒரு பழக்கம் வைத்திருந்தார். கொலை வழக்கில் ஆள் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்து, துண்டை மடியில் போட்டுக்கொண்டு, "ஐயா, அன்னைக்கு ராத்திரி..." என்று ஆரம்பித்ததும், டிராஃபிக் போலீஸ் மாதிரி உள்ளங்கையைக் காட்டி நிறுத்திவிடுவார். "அதெல்லாம் வேண்டாம். எஃப்.ஐ.ஆர். காப்பியை எடுங்க. போலீஸ் என்ன சொல்றாங்கன்னு மட்டும் பார்ப்போம்." உண்மை காதில் விழாவிட்டால் மனசாட்சிக்குத் தொல்லை இல்லை என்ற கணக்கு. இன்றைக்கும் பாதி வக்கீல்கள் இப்படித்தான். அவரிடம் நான் கற்றது நிறைய, ஆனால் இது எனக்குப் பிடித்ததில்லை. மண்வெட்டிக் கதையைச் சொல்ல வந்தவனையும் அந்தக் கை நிறுத்தியிருக்கும் இல்லையா?

சேலம் வாசகி: அமெரிக்காவில் பிணம் எங்கே கிடக்கிறது என்று தெரிந்தும் வக்கீல்கள் வாயைத் திறக்கவில்லை என்று எங்கள் வீட்டுச் சட்டக் கல்லூரிப் பையன் சொல்கிறான். கதை விடுகிறானா?

இல்லை, நடந்தது. நியூயார்க் மாநிலத்தின் வடக்கே அடிரோண்டாக் மலைக்காடு, வருஷம் 1973. கூடாரம் போட்டுத் தங்கியிருந்த 18 வயசுப் பையனைக் குத்திக் கொன்றுவிட்டு ராபர்ட் கேரோ என்பவன் காட்டுக்குள் ஓடுகிறான். பன்னிரண்டு நாள் தேடிச் சுட்டுப் பிடிக்கிறார்கள். சிரக்யூஸ் நகரத்து வக்கீல் ஃபிராங்க் அர்மானி அவனுக்காக ஆஜராகிறார், துணைக்கு ஃபிரான்சிஸ் பெல்ஜ் என்ற கிரிமினல் வக்கீலையும் சேர்த்துக்கொள்கிறார்.

பேச்சுக் கொடுக்கக் கொடுக்க, கேரோ வழக்கில் இல்லாத கொலைகளையும் சொல்லிவிடுகிறான். காணாமல் போன இரண்டு இளம்பெண்கள். ஒருத்தியின் உடல் பழைய இரும்புச் சுரங்கம் ஒன்றின் காற்றுக்குழியில், இன்னொருத்தியின் உடல் சிரக்யூஸ் ஊரிலேயே ஒரு கல்லறைத் தோட்டத்தில். சும்மா உளறுகிறானா என்று பார்க்க வக்கீல்கள் அங்கே போகிறார்கள். சுரங்கக் குழிக்குள் ஒருவர் பிடித்துக்கொள்ள இன்னொருவர் இறங்கிப் பார்க்கிறார். உடல் இருக்கிறது. போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பி வந்து யாரிடமும் மூச்சு விடவில்லை.

இதற்குள் அந்தப் பெண்களில் ஒருத்தியின் அப்பா சிகாகோ பக்கமிருந்து கிளம்பி அர்மானியின் ஆபீசுக்கே வந்துவிட்டார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: என் மகளைப் பற்றி ஏதாவது தெரியுமா? மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவருக்கு எல்லாமே தெரியும். ஒன்றும் சொல்லாமல் அனுப்பி வைத்தார். நானும் அப்படி ஒரு மேஜைக்குப் பின்னால் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்தவன்தான், ஆனால் இந்த இடத்தை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்காதீர்கள், பெருமையாகச் சொல்லிக்கொள்கிற மாதிரி பதில் என்னிடம் இல்லை.

அந்த டிசம்பரில் இரண்டு உடல்களும் வேறு ஆட்கள் கண்ணில் பட்டுக் கிடைத்தன. 1974 ஜூனில் விசாரணை. மனநிலை சரியில்லாதவன் என்று காட்ட, கேரோவையே கூண்டில் ஏற்றி மற்ற கொலைகளையும் அவன் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். அப்புறம்தான் வக்கீல்கள், எங்களுக்கு இது முன்பே தெரியும் என்றார்கள். ஊர் கொதித்துப்போனது. இறந்தவர் உடலுக்கு அடக்கம் கிடைக்காமல் செய்தது, தகவல் தராதது என்று பொதுச் சுகாதாரச் சட்டத்தில் பெல்ஜ் மேல் வழக்கே போட்டார்கள், அது 1975-இல் தள்ளுபடி ஆனது. மேல் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. சட்டப்படி அவர்கள் செய்தது சரி. தொழில்படி பெரிய அடி, வந்துகொண்டிருந்த கட்சிக்காரர்கள் நின்றுபோனார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. கேரோவை ஜெயிலுக்குப் பதிலாக மனநல மருத்துவமனைக்கு அனுப்பச் சம்மதித்தால், காணாமல் போன பெண்களைப் பற்றித் தகவல் கிடைக்கும் என்று அரசுத் தரப்பிடம் இவர்கள் பேரம் பேசிப் பார்த்தார்கள். படியவில்லை. ரகசியத்தைக் காப்பது கடமை, சரி. அதைத் தராசில் வைத்து விலை கேட்பதும் கட்சிக்காரர் நன்மைக்குத்தான் என்று வாதாடலாம், சட்டம் தெரிந்தவர்கள் வாதாடியும் இருக்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை.

இந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. 1978-இல் கேரோ ஜெயிலிலிருந்து தப்பினான். தேடப்படும்போது தூரமாக ஓடாமல் பக்கத்துப் புதரிலேயே பதுங்கிக் கிடப்பது தன் வழக்கம் என்று அவன் முன்பு அர்மானியிடம் சொல்லியிருந்தான். இந்த முறை அர்மானி போலீசிடம் அதைச் சொன்னார். ஜெயிலுக்குப் பக்கத்திலேயே கண்டுபிடித்துச் சுட்டுக் கொன்றார்கள். செத்தவர்களுக்காகத் திறக்காத வாய், இனிமேல் சாகக்கூடியவர்களுக்காகத் திறந்தது.

கோவை வாசகர்: செத்தவர்கள் திரும்பி வரப்போவதில்லை, அதை விடுங்கள். ஒருவன் செய்த கொலைக்கு வேறொரு அப்பாவி ஜெயிலில் கிடக்கிறான், உண்மையான கொலைகாரனின் வக்கீலுக்கு அது தெரியும். அப்போதும் சும்மா இருப்பாரா?

இருந்தார்கள், 26 வருஷம். சிகாகோவில் 1982 ஜனவரியில் ஒரு மெக்டொனால்ட்ஸ் கடையில் காவலாளி சுட்டுக் கொல்லப்பட்டார். ஆல்டன் லோகன் என்பவரைப் பிடித்து ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். சுட்டது ஆண்ட்ரூ வில்சன். இரண்டு போலீஸ்காரர்களைச் சுட்டுக் கொன்ற இன்னொரு வழக்கில் உள்ளே இருந்தவன். அந்த வில்சனுக்கு அரசு நியமித்த வக்கீல்கள் டேல் கவன்ட்ரி, ஜேமி குன்ஸ். காவலாளியைச் சுட்டது நீதானே என்று இவர்கள் கேட்க, அவன் மறுக்காமல் ஒப்புக்கொண்டான்.

இவர்கள் என்ன செய்தார்கள் என்றால், 1982 மார்ச்சில் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி, நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு, உறையில் ஒட்டி, ஒரு இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்கள். அந்தப் பெட்டி கவன்ட்ரியின் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அந்தக் கட்டிலில் ஒரு மனுஷன் இத்தனை வருஷம் எப்படித் தூங்கினான் என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது. லோகனுக்கு மரண தண்டனை கொடுத்தால் மட்டும் ஜட்ஜிடம் போய்விடுவது என்று முடிவெடுத்து, தண்டனை சொல்கிற அன்றைக்கு கவன்ட்ரி கோர்ட்டில் போய் உட்கார்ந்திருக்கிறார். பன்னிரண்டு ஜூரிகளில் பத்துப் பேர் மரண தண்டனை என்றார்கள், இரண்டு பேர் மாட்டோம் என்றார்கள். ஒருமனதாக இல்லாததால் ஆயுள். வக்கீல் பேசாமல் வீட்டுக்குப் போனார்.

நான் செத்த பிறகு வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள் என்று வில்சன் அனுமதி கொடுத்திருந்தான். 2007 நவம்பரில் ஜெயிலிலேயே செத்தான். பெட்டி திறந்தது, 2008-இல் லோகன் வெளியே வந்தார். சிகாகோ நகரம் பிறகு 10.25 மில்லியன் டாலர் நஷ்ட ஈடு கொடுத்தது, இளமைக்கு விலை.

இங்கே என் கட்சி என்ன என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு சூழ்நிலைக்கு மட்டும் சட்டத்தில் ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும். மரணமோ பெரிய உடல் காயமோ நிச்சயம் என்றால் வக்கீல் சொல்லலாம் என்று அமெரிக்க வக்கீல் சங்கத்தின் மாதிரி விதிகள் சொல்கின்றன. மாசசூசெட்ஸ் மாநிலம் அதோடு, அப்பாவி ஒருவர் சிறைப்படுவதைத் தடுக்கவும் சொல்லலாம் என்று சேர்த்திருக்கிறது. எனக்குக் கேட்டால் இன்னொரு சரத்தும் வேண்டும்: வக்கீல் சொன்னதை வைத்து அப்பாவியை வெளியே விடலாம், ஆனால் அதே சொல்லை அந்தக் கட்சிக்காரன் மேல் சாட்சியமாகப் பயன்படுத்தக் கூடாது. குற்றவாளிக்கு இது சலுகை ஆகாதா என்பீர்கள். ஆகட்டும். வெளியே வருகிறவனின் 26 வருஷத்தை ஒரு பக்கம் வைத்துப் பாருங்கள்.

நம் ஊரில் அந்த வாசல் இல்லை.

புதுக்கோட்டை வாசகி: நம் நாட்டில் இது எந்தச் சட்டத்தில் இருக்கிறது? விதிவிலக்கே கிடையாதா?

1872 சாட்சியச் சட்டத்தில் 126-ஆவது பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 132-ஆவது பிரிவு. பெயர்ப்பலகை மாறியது, கடைச் சரக்கு ஏறக்குறைய அதேதான். கட்சிக்காரரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல், தொழில்முறையில் தன்னிடம் சொல்லப்பட்டதை வக்கீல் எக்காலத்திலும் வெளியிட அனுமதியில்லை. நன்றாகக் கவனியுங்கள், வக்கீல் விருப்பப்பட்டால் சொல்லலாம் என்று இல்லை, சொல்ல அவருக்கு அனுமதியே இல்லை. ரகசியம் கட்சிக்காரருடைய சொத்து, வக்கீல் அதற்கு வாட்ச்மேன்.

சட்டப் புத்தகத்தில் இதற்கு மூன்று உதாரணம் கொடுத்திருக்கிறார்கள், மூன்றும் அருமை. முதலாவது: "நான் போலிப் பத்திரம் தயாரித்துவிட்டேன், எனக்காக வாதாடுங்கள்" என்று ஒருவன் சொல்கிறான். இது பூட்டுக்குள். காரணம், குற்றவாளி என்று தெரிந்தே ஒருவனுக்காக வாதாடுவது குற்ற நோக்கம் ஆகாது. இரண்டாவது: "இந்தப் போலிப் பத்திரத்தை வைத்து அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும், கேஸ் போடுங்கள்" என்கிறான். இது பூட்டுக்கு வெளியே, ஏனென்றால் இனி செய்யப்போகிற தப்புக்கு வக்கீலைக் கூட்டுச் சேர்க்கிறான். மூன்றாவது: பணம் கையாடல் வழக்கு நடக்கும்போதே, வக்கீல் அமர்த்தப்பட்டபோது இல்லாத ஒரு பதிவு கணக்குப் புத்தகத்தில் புதிதாக முளைத்திருப்பதை வக்கீல் பார்க்கிறார். இதுவும் வெளியே. ஆக, வக்காலத்துக்கு முன்னால் செய்ததைச் சொன்னால் பாதுகாப்பு உண்டு, இனி செய்யப்போகிற தப்புக்கு வக்கீலையே கருவியாக்கினாலோ, வக்காலத்துக்குப் பின்னால் நடந்த குற்றம் வக்கீல் கண்ணில் பட்டாலோ கிடையாது.

கோபத்தில் ஒருவன், "அந்த சாட்சியை முடிச்சிடுவேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனால் என்ன செய்வது என்று இன்னொரு கடிதத்தில் கேட்டிருக்கிறார்கள். இதற்கு நேரான வரி அந்தப் பிரிவில் இல்லை. வெறும் ஆத்திரமா, திட்டமா என்று அந்த நிமிஷத்தில் வக்கீல்தான் முகத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். திட்டம் என்று பட்டால் நான் போனை எடுப்பேன், அப்புறம் வக்கீல்களைக் கட்டுப்படுத்துகிற பார் கவுன்சில் கேட்டால் பதில் சொல்லிக்கொள்வேன்.

நாகர்கோவில் வாசகர்: செய்தேன் என்று ஒப்புக்கொண்டவனுக்காக "இவர் நிரபராதி" என்று கோர்ட்டில் முழங்குவது பச்சைப் பொய் இல்லையா?

அப்படி முழங்கினால் பொய்தான். முழங்கக் கூடாது. 1840-இல் லண்டனில் லார்ட் வில்லியம் ரஸ்ஸல் என்ற பிரபு படுக்கையிலேயே கழுத்தறுபட்டுக் கிடந்தார். வேலைக்காரன் கூர்வாசியே என்பவன் மேல் வழக்கு. பாதி விசாரணையில், காணாமல் போன வெள்ளிப் பாத்திரங்கள் ஒரு ஹோட்டலில் கிடைத்ததும், அவன் தன் வக்கீல் சார்லஸ் ஃபிலிப்ஸிடம் உண்மையைச் சொன்னான், ஆனாலும் வாதாடத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். ஃபிலிப்ஸ் விலகத் துடித்தார். ஜட்ஜ்களில் ஒருவரான பார்க் என்பவரிடம் யோசனை கேட்க, விலகாதே, சாட்சியங்களை வைத்து நடத்து என்று சொன்னார். நடத்தினார். கூர்வாசியே தூக்கில் தொங்கினான். ஆனால் அந்த வாதத்தில் வீட்டு வேலைக்காரப் பெண்கள் பக்கம் சந்தேகத்தைத் திருப்பினார் என்ற பழி ஃபிலிப்ஸ் மேல் பல வருஷம் ஒட்டிக்கொண்டது.

எல்லை அங்கேதான். அரசுத் தரப்பு சாட்சி இருட்டில் எப்படி அடையாளம் கண்டார், போலீஸ் சம்பவ இடத்தில் எழுதும் மகஜரில் கையெழுத்துப் போட்டவர் உண்மையில் அங்கே இருந்தாரா என்று குடையலாம். அரசுத் தரப்பின் வேலை சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிப்பது, அதைச் செய்திருக்கிறார்களா என்று தட்டிப் பார்ப்பது என் வேலை. குற்றம் பற்றித் தன் சொந்த அபிப்பிராயம் என்னவாக இருந்தாலும் வக்கீல் வாதாட வேண்டும், போதிய சாட்சியம் இல்லாமல் யாரும் தண்டிக்கப்படக் கூடாது என்று பார் கவுன்சில் விதியே சொல்கிறது. ஆனால் செய்தது இவன்தான் என்று தெரிந்துகொண்டே பக்கத்து வீட்டுக்காரனைக் கைகாட்டினால் அதற்குப் பெயர் வாதம் இல்லை.

திருநெல்வேலி வாசகர்: கட்சிக்காரர் அரிவாளையே பையில் போட்டு ஆபீசுக்குக் கொண்டு வந்துவிட்டால்? அதுவும் ரகசியமா?

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் ஆச்சரியமில்லை! ரகசியம் என்பது பேச்சுக்கு. பொருளுக்கு அந்த மரியாதை கிடையாது.

கனடாவில் நடந்ததைப் பாருங்கள். பால் பெர்னார்டோ என்ற கொலைகாரனின் வக்கீல் கென் மர்ரே. கட்சிக்காரர் கொடுத்த குறிப்பை வைத்து 1993 மே மாதம் அந்த வீட்டுக் கூரைக்குள் ஒளித்திருந்த வீடியோ கேசட்டுகளை எடுத்து வந்துவிட்டார். போலீஸ் வாரக்கணக்கில் அந்த வீட்டைச் சல்லடையாகச் சலித்தும் கிடைக்காத கேசட்டுகள். சுமார் 16 மாதம் தன்னிடமே வைத்திருந்தார். அந்த இடைவெளியில், கேசட் இருப்பது தெரியாத அரசுத் தரப்பு, பெர்னார்டோவின் மனைவியோடு 12 வருஷத் தண்டனைக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டது. அவளுக்கும் அந்தக் கொடுமைகளில் எவ்வளவு பங்கு இருந்தது என்பது கேசட்டைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. நீதிக்கு இடையூறு செய்தார் என்று மர்ரே மேல் வழக்கு வந்து, 2000-இல் விடுதலையானார். கெட்ட எண்ணம் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் அவர் செய்தது சரி என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை.

கூரைக்குள் கேசட் இருக்கிறது என்று தெரிந்து வாயை மூடிக்கொண்டிருந்தால் அது ஒரு விஷயம், கையை விட்டு எடுத்துத் தன் அலமாரியில் வைத்துக்கொண்டால் அது முற்றிலும் வேறு விஷயம். நம் ஊரில் சாட்சியத்தை மறைப்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 238-இல் குற்றம், கறுப்பு கோட் போட்டிருந்தாலும் குற்றம்தான். அரிவாளை வாங்காதீர்கள், தொடாதீர்கள், ஆற்றில் போடு என்றும் சொல்லாதீர்கள். இளம் வக்கீல்கள் இதை மேஜைக் கண்ணாடிக்குக் கீழே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

சென்னை வாசகி: வக்கீலுக்கே அமலாக்கத் துறை சம்மன் அனுப்பியதாகப் படித்தேன். அது என்ன ஆனது?

2025 ஜூனில் நம் சென்னையைச் சேர்ந்த மூத்த வழக்கறிஞர் அர்விந்த் தத்தாருக்கும், பிரதாப் வேணுகோபாலுக்கும் அமலாக்கத் துறை சம்மன் அனுப்பியது. தொழில்முறையில் கொடுத்த சட்டக் கருத்து பற்றிய விஷயம் அது. நாடெங்கும் வக்கீல் சங்கங்கள் கொதித்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அதே மாதம் குஜராத்தில் ஒரு வக்கீலுக்குப் போலீஸ் நோட்டீஸ் போன விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை வர, கோர்ட் தானாக முன்வந்து இதை எடுத்துக்கொண்டது. அப்போதைய தலைமை நீதிபதி கவாய் அமர்வு அந்த வருஷம் அக்டோபர் 31 அன்று தீர்ப்பு சொன்னது. வழக்கு விவரத்தைத் தெரிந்துகொள்வதற்காக வக்கீலை அழைக்கக் கூடாது. 132-இன் விதிவிலக்குக்குள் வருகிறது என்றால், அது எந்த விதிவிலக்கு என்று சம்மனிலேயே எழுத வேண்டும், எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும். வக்கீலின் லேப்டாப், போன் வேண்டுமென்றால் கோர்ட் மூலமாகத்தான். கம்பெனியில் சம்பளத்துக்கு இருக்கும் சட்ட ஆலோசகர்களுக்கு மட்டும் 132-இன் பாதுகாப்பு கிடையாது என்றும் சொல்லிவிட்டது. அதில் எனக்கு வருத்தம்தான், அதை இன்னொரு நாள் பார்ப்போம்.

இனி சின்னச் சின்னக் கேள்விகள்.

தஞ்சாவூர் வாசகர்: குமாஸ்தாவுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். வக்கீலின் குமாஸ்தா, ஊழியர், மொழிபெயர்ப்பாளர் எல்லோரும் அதே பிரிவுக்குள்தான். எங்கள் குமாஸ்தாக்களுக்குத் தெரிந்ததில் பாதி எங்களுக்குத் தெரியாது என்பது வேறு கதை.

ஈரோடு வாசகி: என் தம்பி வழக்கில் நாங்கள் குடும்பமாகப் போய் வக்கீலிடம் பேசினோம். அதுவும் ரகசியம்தானே?

இங்கேதான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். ஆபீசுக்கு ஒருவர் வருவதில்லை. மச்சான், பெரியப்பா, வார்டு கவுன்சிலர், கார் ஓட்டி வந்தவர் என்று பெஞ்ச் நிறைந்துவிடும். வக்கீல் வாய்தான் பூட்டப்பட்டிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட மச்சானைச் சாட்சியாகக் கூப்பிட்டால் அவர் கூண்டில் ஏறிச் சொல்லத் தடையில்லை, அடுத்த தீபாவளிக்குள் மச்சானோடு சண்டை வராது என்று யார் உத்தரவாதம் கொடுப்பது? முக்கியமானதைச் சம்பந்தப்பட்டவர் மட்டும் தனியாகப் பேசுங்கள். நடந்ததை வாய்ஸ் மெசேஜாகக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, "வக்கீல் சாருக்கு ஃபார்வர்டு பண்ணுங்க" என்று எழுதுகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

விழுப்புரம் வாசகர்: டாக்டர், பாதிரியார் இவர்களுக்கும் இந்தச் சலுகை உண்டா?

சாட்சியச் சட்டத்தில் இல்லை. கணவன் மனைவி பேச்சுக்குச் சில விதிவிலக்குகளோடு உண்டு. டாக்டருக்குத் தொழில் தர்மம் உண்டு, கோர்ட் கட்டளையிட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மதுரை வாசகர்: இத்தனை எழுதுகிறீர்கள். உங்களிடம் யாராவது "நான்தான் செய்தேன்" என்று சொன்னதுண்டா? பேர், ஊர் இல்லாமல் ஒன்று சொல்லுங்களேன்.

மாட்டேன். வழக்கு முடிந்து, பீஸ் செட்டிலாகி, வேலை நின்ற பிறகும் இந்தக் கடமை தொடரும் என்று அந்தப் பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது. பேர், ஊர் இல்லாமல் என்கிறீர்கள், எங்கள் ஊர் அவ்வளவு பெரிசில்லை. "அண்ணன் தம்பி இரண்டு பேர், பலசரக்குக் கடை" என்று நான் ஆரம்பித்தால் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மீதியை அவர்களே முடித்துவிடுவார்கள். என் வீட்டுக்காரம்மா கல்யாணமான புதிதில் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். சீனியர் காலமான பிறகு அவர் மகன், சாஃப்ட்வேரில் இருக்கிறவர், வீட்டைக் காலி செய்யும்போது ஒரு இரும்பு அலமாரியை வண்டியில் ஏற்றி என் ஆபீசுக்கு அனுப்பி வைத்தார். உள்ளே பழைய கட்டுகள், நோட்டுப் புத்தகங்கள். கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்துகிறவர், அப்புறம் தனியாக ராத்திரியில் எத்தனை பேரைப் பேச விட்டாரோ. சாவி என்னிடம் இருக்கிறது, நான் திறக்கவில்லை. இப்போதைக்கு குமாஸ்தா அதன் மேலே வாய்தா காலண்டரையும் பழைய டேபிள் ஃபேன் ஒன்றையும் வைத்திருக்கிறார்.

அடுத்த வாரம் பட்டா கேள்விகள்.